கங்காணி சாகவில்லை

தோழரே!

கங்காணி என்றொரு சொல் நம் தமிழில் உண்டு. கண்ணால் காண்பவன் கண்காணி. மக்கள் நாவிலே உருண்டு தேய்ந்து அவன் கங்காணி ஆனான். மண்ணைக் கிளறியவன் உழவன் என்று பெயர் பெற்றான். மண்ணைப் பிசைந்தவன் குயவன் என்று பெயர் பெற்றான். தறியிலே அமர்ந்தவன் நெசவாளி என்று பெயர் பெற்றான். எந்தத் தொழிலும் செய்யாமல், தொழில் செய்பவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதையே தொழிலாகக் கொண்டவன் கங்காணி என்று பெயர் பெற்றான்! ஆங்கிலேயன் கட்டுமரத்தைத் தன் அகராதியில் ஏற்றினான், மிளகுத்தண்ணியை ஏற்றினான், கங்காணியையும் ஏற்றினான். தமிழ் உலகுக்கு ஈந்த சொற்களிலே, நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடியாத சொல் அது ஒன்று.

எங்கே வளர்ந்தான் இந்தக் கங்காணி? இலங்கை மலைநாட்டின் தேயிலைச் சரிவிலே. மலேயாவின் ரப்பர்க் காட்டிலே. பொழுது புலராத இருட்டில் தப்பொலி எழும். லயத்துக் கதவுகள் திறக்கும். பெரட்டுக் களத்திலே ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பர். பெயர் கூப்பிடப்படும். துரை குதிரையில் வருவார். துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளைக்குக் கீழே பெரிய கங்காணி. அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணி. அத்தனை கண்களுக்கும் அடியிலே, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டிருப்பாள் ஒரு பெண். கிள்ளுவது அவள் ஒருத்தி, பார்ப்பது நால்வர்! மாலையில் நிறுத்துப் பார்த்து எடை குறைந்தால் அவளுக்கு விழுவது ‘அரைப்பேர்’. அதாவது அரைநாள் கூலி. ஒரு மனிதப் பிறவியின் பெயரையே பாதியாக வெட்டிக் கணக்கெழுதும் சொல்லை அந்தத் தோட்டங்கள் படைத்தன.

அவள் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்கு அவள் போக முடியாது. அந்த முறையை 1921இல் இலங்கையில் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கங்காணி வழியே மலேயாவுக்கு ஆள் பிடிப்பதும் 1938இல் நிறுத்தப்பட்டது. வரலாற்றுப் புத்தகம் அத்துடன் பக்கத்தைத் திருப்பிவிடுகிறது, கங்காணி செத்தான் என்று.

சாகவில்லை, தோழரே! தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டான். பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கணினியைக் கையில் எடுத்துக்கொண்டான். மலைச்சரிவிலிருந்து இறங்கி, மாடி அலுவலகங்களுக்கும் மாநகரத் துணிக்கடைகளுக்கும் குடிவந்துவிட்டான். உங்களுக்குத் தெரியாத ஆள் அல்லன் அவன். ஞாயிற்றுக்கிழமையாகிய இன்று இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, மாலை ஐந்து மணி ஆனதும் அடிவயிற்றிலே ஏதோ பிசைகிறதே, “நாளை திங்கள், நாளை அவன் முகம்” என்று உள்ளம் முணுமுணுக்கிறதே, அந்த ‘அவன்’தான்.

நான் நாடகம் எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் அவனை மேடையேற்றிக் காட்டுகிறேன். காட்சி: ஓர் அலுவலகம். நேரம்: காலை 10 மணி. பாத்திரங்கள் இருவர். ஒருவர் பதினெட்டு ஆண்டுக் காலம் கடிதம் எழுதியே கண் மங்கிப்போன எழுத்தர். மற்றவர் மேலாளர்.

“கடிதம் ஆயிற்றா?”

“எழுதிக்கொண்டிருக்கிறேன், ஐயா.”

“எத்தனை வரி வந்திருக்கிறது?”

“நான்கு வரி, ஐயா. அவ்வளவுதான் விஷயம்.”

“ஐந்தாக இருக்கட்டும்.”

மணி 10.10. “ஆயிற்றா?”

“தாங்கள் கேட்ட ஐந்தாவது வரியை யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஐயா.”

“நீர் ஏன் யோசிக்கிறீர்? யோசிப்பதற்கு நான் இருக்கிறேனே!”

மணி 10.30. கடிதம் மேசைக்குப் போகிறது. ‘அனுப்பியுள்ளோம்’ என்பது ‘அனுப்பி வைத்துள்ளோம்’ ஆகிறது. திரும்பி வருகிறது. மீண்டும் போகிறது. ‘அனுப்பி வைத்துள்ளோம்’ என்பது ‘அனுப்பியுள்ளோம்’ ஆகிறது! மாலையில் அறிக்கை கேட்கிறார் மேலாளர்: “இன்று காலை முதல் என்னென்ன செய்தீர், மணிவாரியாக எழுதித் தாரும்.” அதை எழுத ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் தவிக்கிறார் எழுத்தர். திரை விழுகிறது.

சிரிப்பு வருகிறதல்லவா? சிரியுங்கள். ஆனால் திரைக்குப் பின்னே அந்த எழுத்தர் வீட்டுக்குப் போவதைப் பாருங்கள். முதல் ஆண்டு அவர் மெய்ப்பிக்கப் பார்த்தார். இன்னும் கவனமாக, இன்னும் விரைவாக, குறை சொல்ல இடமில்லாதபடி எழுதினார். குறை சொல்வது கடிதத்தைப் பற்றியதே அன்று என்று அவருக்கு விளங்க ஓர் ஆண்டு பிடித்தது. அடுத்த ஆண்டு தற்காப்பு. எதற்கும் ஒரு நகல், எந்தச் சொல்லுக்கும் ஒரு சாட்சி, “தாங்கள் கூறியபடி” என்று தொடங்காமல் ஒரு வரியும் இல்லை. மூன்றாம் ஆண்டு அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டார். தவறு கண்ணுக்குத் தெரிகிறது. சொல்ல வாய் வரவில்லை. “அவரே பார்த்துக்கொள்வார்” என்று கையெழுத்திட்டு அனுப்புகிறார். பதினெட்டு ஆண்டு பழகிய அறிவு, பெட்டியில் போட்டுப் பூட்டிய பட்டுப்புடவைபோல் மடிப்பிலேயே இற்றுப் போகிறது. வீட்டிலே குழந்தை ஒரு கேள்வி இரண்டு முறை கேட்டால் எரிந்து விழுகிறார். மனைவி கேட்கிறாள், “என்ன ஆயிற்று உங்களுக்கு?” என்ன சொல்வார்? அடித்தார் என்று சொல்ல முடியுமா? இல்லை. வைதார் என்று சொல்ல முடியுமா? அதுவும் இல்லை. சம்பளம் தரவில்லை என்று சொல்ல முடியுமா? முதல் தேதி வந்துவிடுகிறதே! “என்னை நம்பவில்லை” என்று சொன்னால், அது ஒரு குற்றமா என்று ஊர் கேட்கும். பெயரிட முடியாத காயம் இது. அதனால்தான் ஆறுவதில்லை.

“மனத்தாங்கல்தானே, மருந்து எதற்கு?” என்பாருக்கு மருத்துவர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். லண்டன் மாநகரில் ஒயிட்ஹால் என்பது அரசுச் செயலகங்கள் நிறைந்த தெரு. அங்கே பணிபுரிந்த 10,308 அரசு ஊழியர்களை 1985 முதல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தனர் மைக்கேல் மார்மட் என்னும் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும். அவர்கள் சுரங்கத்திலே இறங்கியவர்கள் அல்லர். உலையிலே வெந்தவர்கள் அல்லர். நாற்காலி உண்டு, மேசை உண்டு, ஓய்வூதியம் உண்டு. 1997இல் வெளியான முடிவு என்ன? தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை எவனுக்குக் குறைவோ, அவனுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு அதிகம். பெரிய பொறுப்பு சுமப்பவனுக்கே நெஞ்சுவலி வரும் என்று நாம் எண்ணியிருந்தோம். பொறுப்பு மறுக்கப்பட்டவன் நெஞ்சும் வலிக்கிறது என்று கண்டார்கள்! கங்காணியின் கண் முதுகில் மட்டுமா படுகிறது? இதயத்திலும் படுகிறது.

“நீர் ஏன் யோசிக்கிறீர்?” என்று நாடகத்து மேலாளர் கேட்டாரே, அது என் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வரியை ஒரு பெருங்கொள்கையாகவே வகுத்துத் தந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிரடெரிக் வின்சுலோ டெய்லர். (இலங்கையில் 1867இல் முதல் வாணிபத் தேயிலைத் தோட்டம் போட்டவர் பெயரும் டெய்லர்தான், ஜேம்சு டெய்லர். பெயர்ப் பொருத்தத்தைத் தவிர இருவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பெயருக்கு ஒரு ராசி இருக்கிறது பாருங்கள்!) 1856இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செல்வர் வீட்டில் பிறந்தவர். ஆர்வர்டுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறியும் அங்கே சேராமல் தொழிற்சாலைக்குப் போனவர். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு இதுவரையில் அவரிடம் ஒரு பிரியம் உண்டு. இதற்குமேல் இல்லை.

டெய்லர் சொன்னது இது: தொழிலாளியின் தலைக்குள்ளே இருக்கும் தொழிலறிவு அனைத்தையும் நிர்வாகம் எடுத்துக்கொள்ள வேண்டும். மூளை வேலை முழுவதையும் பட்டறையிலிருந்து அகற்றித் திட்டமிடும் அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பட்டறையில் இருப்பவன் எதை, எப்படி, எத்தனை நேரத்தில் செய்வது என்பதைச் சீட்டிலே எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவன் நிறுத்துக் கடிகாரத்தோடு, அதாவது ஸ்டாப் வாட்ச்சோடு நின்று, ஒவ்வோர் அசைவையும் அளக்க வேண்டும். மூளை அங்கே, கை இங்கே! சிந்திப்பதற்கென்று ஒரு பிறவி, சுமப்பதற்கென்று ஒரு பிறவி என்று பிரித்த கதையை நாம் இந்த மண்ணில் கேட்காதவர்களா? அங்கே அதற்கு மந்திரம் ஓதவில்லை. அறிவியல் என்று பெயரிட்டார்கள்.

தன் அறிவியலுக்குச் சான்றாக டெய்லர் காட்டிய ஆளைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். 1899ஆம் ஆண்டு, பெத்லகேம் இரும்பாலை. வார்ப்பிரும்புத் துண்டுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றும் வேலை. ஒரு துண்டின் எடை ஏறத்தாழ 42 கிலோ. நாளொன்றுக்கு ஓர் ஆள் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தான். டெய்லர் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். புத்தகத்தில் அவனுக்கு ‘ஸ்மிட்’ என்று பெயர் வைத்தார். ‘தூக்கு’ என்றால் தூக்க வேண்டும், ‘நட’ என்றால் நடக்க வேண்டும், ‘உட்கார்’ என்றால் உட்கார வேண்டும், எதிர்ப்பேச்சு கூடாது. இதுதான் ஒப்பந்தம். அவன் நாற்பத்தேழரை டன் ஏற்றினான். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட முறை குனிந்து நிமிர்ந்தான்! உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. கூலி? 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட். நான்கு மடங்குக்கு நான்கு மடங்கு கேட்டால் அது பேராசையாம். ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே கொடுத்தால் அது அறிவியலாம்!

இந்த வேலைக்கு ஏற்றவன் எப்படிப்பட்டவன் என்று 1911இல் வெளியான தம் புத்தகத்தில் டெய்லர் எழுதினார்: மூளையமைப்பில் மாட்டுக்கு நெருங்கியவனாக, அவ்வளவு மந்தமானவனாக இருக்க வேண்டுமாம். அதே புத்தகத்தில், அதே மனிதனைப் பற்றி, சில பக்கங்கள் முன்னால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஸ்மிட் தன் சேமிப்பில் சிறு மனை ஒன்று வாங்கியிருந்தான். காலையில் வேலைக்குப் போகுமுன்னும் மாலையில் வேலைவிட்டு வந்த பின்னும் அந்த மனையிலே தன் வீட்டுச் சுவரைத் தானே எழுப்பிக்கொண்டிருந்தான். எண்ணிப் பாருங்கள், தோழரே! மனை பார்த்தவன், பணம் சேர்த்தவன், அளவெடுத்துச் சுவர் வைத்தவன், அவன் மாடாம்! எந்தக் கங்காணி பக்கத்தில் நின்று அவனுக்குச் செங்கல் எண்ணிக் கொடுத்தான்? ஆலைக்குள்ளே மந்தமானவனாகத் தெரிந்தவன் ஆலைக்கு வெளியே கொத்தனாராக இருக்கிறான். மந்தம் ஆளிடம் இருந்ததா, ஆண்ட முறையில் இருந்ததா?

இந்த முறைக்கு முதல் அறை எங்கே விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது அரசாங்கத்தின் கன்னத்திலேயே விழுந்தது.

பாஸ்டன் நகரை அடுத்த வாட்டர்டவுனில் அமெரிக்கப் படைக்கு ஆயுதம் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அங்கே டெய்லரின் முறை புகுத்தப்பட்டது. 1911 ஆகஸ்டு 11ஆம் நாள், வார்ப்படச் சாலையிலே ஒரு தொழிலாளி நிறுத்துக் கடிகாரத்தின் முன் வேலை செய்ய மறுத்தார். “கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அப்பால் போ” என்பதே அவர் கேட்டதின் சாரம். வேலைநீக்கம் செய்தார்கள். உடனே வார்ப்படச் சாலைத் தொழிலாளர் அனைவரும் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தனர். கூலி உயர்வு கேட்டா? இல்லை. நேரக் குறைப்பு கேட்டா? இல்லை. நாங்கள் எங்களால் இயன்ற நல்ல வேலையை இந்த அரசுக்குச் செய்துவந்தவர்கள். எங்கள் முதுகுக்குப் பின்னே கடிகாரம் பிடித்து நிற்பது எங்களுக்கு அவமானம் என்றுதான் அவர்கள் விண்ணப்பம் பேசியது. மணலிலே அச்செடுத்து, உருகிய இரும்பை ஊற்றி, எந்தக் கணத்தில் நிறுத்துவது என்று கண்ணாலேயே அறிகிறவன் வார்ப்படக்காரன். வார்ப்பட வேலை அறியாத ஒருவன் விநாடி எண்ணினால் அவனுக்கு வருவது கோபமில்லை, வெட்கம். பல்லாண்டு பழகிய கை, திடீரென்று பள்ளிப்பிள்ளையின் கையாகிவிட்ட வெட்கம்.

ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் கேள்வி திரும்பவில்லை. அது நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. மூவர் குழு அமைந்தது. அதன் தலைவர் வில்லியம் வில்சன், ஒன்பது வயதிலே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1912 சனவரியில் டெய்லர் அவர்முன் வந்து நின்றார். ஸ்காட்லாந்துக் கரிச்சுரங்கக் குடியில் பிறந்தவன் கேட்கிறான். பிலடெல்பியாச் சீமான் மகன் விடை சொல்கிறான். மேடைக்கென்றே அமைந்த காட்சி! முதல்தரமான குதிரை, மட்டமான குதிரை, பாட வல்லதாக இருந்தும் பாடாத பறவை என்று உவமைகளை அடுக்கினார் டெய்லர். வில்சன் மடக்கினார்: நாம் இங்கே குதிரைகளைப் பற்றியோ பாடும் பறவைகளைப் பற்றியோ விசாரிக்கவில்லை, சமுதாயத்தின் உறுப்பினராகிய மனிதர்களைப் பற்றி விசாரிக்கிறோம் என்னும் கருத்துப்பட. 1915இல் படைச் செலவுச் சட்டத்திலே ஒரு விதி ஏறியது: இந்தப் பணத்தில் ஒரு காசுகூட, தொழிலாளியின் அசைவை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கும் அதிகாரிக்குச் சம்பளமாகப் போகக் கூடாது. அதே ஆண்டு டெய்லர் மறைந்தார். அந்த விதி 1949 வரை நின்றது.

“கண்காணிக்காவிட்டால் வேலை நடக்குமா? நாடு கெட்டுவிடாதா?” என்று கேட்கும் கண்ணியவான்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒருமுறை பார்க்கட்டும். 1915 முதல் 1949. இடையிலே நடந்தவை என்ன, கல்யாணக் கச்சேரிகளா? இரண்டு உலகப் போர்கள்! முதற்போரில் 1917இல் இறங்கியது அமெரிக்கா; இரண்டாம் போரில் 1941இல் இறங்கியது. இரண்டிலும் வென்ற பக்கத்தில் நின்றது. அரசின் படைக்கலச் சாலைகளில் நிறுத்துக் கடிகாரத்துக்குத் தடை. பீரங்கி சுடாமல் போயிற்றா? வாட்டர்டவுன் வார்ப்படக்காரன் கடிகாரம் இல்லாமலேயே வார்த்தான்.

இன்னொரு சான்று நம் தொழிற்சங்கத் தோழர்களின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ‘விதிப்படி வேலை’ என்றொரு போராட்டம் உண்டல்லவா? வேலைநிறுத்தம் அன்று அது. மேலிடம் எழுதிக் கொடுத்த விதி ஒவ்வொன்றையும், ஒன்று விடாமல், எழுத்து பிசகாமல் கடைப்பிடிப்பது. உடனே என்ன ஆகிறது? தபால் குவிகிறது, வண்டி தாமதமாகிறது, நிர்வாகம் அலறுகிறது! “நீங்கள் சொன்னபடிதானே செய்கிறோம்” என்றால், “ஐயையோ, சொன்னபடி செய்யாதீர்கள்” என்று கெஞ்சுகிறது. இதைவிட வாக்குமூலம் வேண்டுமா? விதியால் நடப்பதில்லை வேலை. விதியின் இண்டு இடுக்குகளிலே உழைப்பாளி தானாக இட்டு நிரப்பும் அறிவால் நடக்கிறது. அந்த அறிவுக்குச் சம்பளம் இல்லை, அங்கீகாரம் இல்லை. அது கூடாது என்றுதான் கங்காணி பக்கத்தில் நிற்கிறான்.

கணக்குக் கேட்காதே என்று நான் சொல்லவில்லை. முதல் போட்டவன் கணக்குக் கேட்கட்டும். மக்கள் பணத்தில் நடக்கும் துறையில் மக்களே கேட்கட்டும். முடிந்த வேலையை நிறுத்துப் பார். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல். கல்யாணத்துக்குச் சமையற்காரரை அமர்த்துகிறோம். சாம்பாரைச் சுவைத்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. கரண்டி பிடித்த அவர் கையை நாமும் பிடித்துக்கொண்டு கிண்டினால்? சாம்பாரும் கெடும், அவர் மனமும் கெடும், விருந்துக்கு வந்தவன் வயிறும் கெடும். இது முதலாளிகளுக்கு மட்டும் சொன்னதன்று. சுவரொட்டி ஒட்டப் போகும் இளைஞனின் பசைவாளியை நான்கு முறை எட்டிப் பார்க்கும் மன்றப் பெரியவர்கள் நம்மிடமும் உண்டு, அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நிறுத்துக் கடிகாரம் பிடித்தவனுக்காவது கை வலித்தது, கண் அயர்ந்தது. இன்று வந்திருக்கும் கங்காணிக்குக் கையும் இல்லை, களைப்பும் இல்லை. பிரெஞ்சு நாட்டிலே அமேசான் கிடங்குகளில் ஒவ்வொரு தொழிலாளி கையிலும் ஸ்கேனர் கருவி. பொருளை எடுத்தால் பதிகிறது, வைத்தால் பதிகிறது. ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் இடையே 1.25 விநாடிக்குக் குறைந்தால், ‘அவசரப்பட்டாய்’ என்று குறி விழுந்தது. பத்து நிமிடம் கருவி அசையாதிருந்தால், ‘சும்மா இருந்தாய்’ என்று குறி விழுந்தது. பத்து நிமிடத்துக்கு உள்ளே இருந்தாலும் அதற்கும் ஒரு குறி இருந்தது! விரைந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம். மாமியார் வீடு தோற்றது போங்கள்! இந்த அளவு கண்காணிப்பு வரம்பு மீறியது என்று அந்நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் 2023 டிசம்பரில் 32 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. நிறுவனம் அந்த முடிவை ஏற்கவில்லை.

நம் நாட்டிலே? 2024இல் அரியானாவின் மானேசரில் அதே நிறுவனத்தின் கிடங்கில், இலக்கு முடியும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ மாட்டோம் என்று தொழிலாளரை உறுதிமொழி எடுக்க வைத்தனர் என்று செய்தி வெளியாயிற்று. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து ஒன்றியத் தொழிலாளர் துறைக்கு நோட்டீசு அனுப்பிற்று. உறுதிமொழி! விடுதலைக்காக எடுத்தோம், மொழிக்காக எடுத்தோம். சிறுநீரை அடக்குவதற்கும் எடுக்க வைத்தார்களே!

சண்டிகாரிலும் நாகபுரியிலும் தெருக் கூட்டும் தொழிலாளரின் மணிக்கட்டில், அவர்கள் நிற்குமிடத்தை நொடிக்கு நொடி காட்டும் கடிகாரத்தைக் கட்டின மாநகராட்சிகள். கழற்றினால் சம்பளம் போகும் என்று அஞ்சினார்கள். கழிப்பறைக்குள்ளும் அது பார்க்குமோ என்று பெண்கள் கூசினார்கள். தெருவில் இறங்கிப் போராடினார்கள். நான் கேட்பது ஒன்றே: அந்தக் கடிகாரம் ஏன் துடைப்பம் பிடித்த கையை மட்டும் தேடிப் போயிற்று? பொறியாளர் மணிக்கட்டு இல்லையா? ஆணையர் மணிக்கட்டு இல்லையா? நம்பிக்கை என்பது இந்த நாட்டில் மேலிருந்து கீழே வரவர மெலிந்துகொண்டே வந்து, தெருக் கூட்டுபவரிடம் வரும்போது அற்றே போகிறது. அவர் எந்தக் குடியில் பிறந்தவர் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

மாடியில் இருப்பவர்களும் தப்பவில்லை என்பதற்கு ஒரு வேடிக்கை. வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாடு 2020இல் பரவியதும், கணினியில் விசை தட்டுகிறானா, மவுசு அசைகிறதா என்று பார்க்கும் மென்பொருள்களும் பரவின. மனிதன் விடுவானா? மவுசைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொறியை வாங்கி வைத்தான்! 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, வேலை நடப்பதுபோல் விசைப்பலகை அசைவைப் போலியாகக் காட்டினர் என்று பன்னிரண்டுக்கும் மேற்பட்டோரை நீக்கியது. பொறி அசைக்கிறது, பொறி எண்ணுகிறது. நடுவிலே வேலை எங்கே? அசைவுக்குக் கூலி என்றால் அசைவுதான் கிடைக்கும்.

இனி நம் கடைத்தெருவுக்கு வருவோம். அங்கே கங்காணிக்குக் கருவிகூடத் தேவைப்படவில்லை. ‘உட்காராதே’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பூட்டும்வரை, வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துணிக்கடைப் பெண் நின்றே இருக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் அவள் உட்கார்ந்தால் எந்த வேலை கெடும்? எதுவும் கெடாது. ஆனாலும் நிற்க வேண்டும். வேலைக்காக இட்ட கட்டளை அன்று அது. ‘உன் கால்கூட உன்னுடையதன்று’ என்று நினைவூட்ட இட்ட கட்டளை. கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், தையல் தொழிலாளியான விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் கடைப் பெண்களைத் திரட்டினார். உட்காரும் உரிமைக்காகப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தனர்! 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்திற்று. 2021இல் தமிழ்நாடும் திருத்திற்று. 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. கடை நடத்துவோர் ஊழியர் அனைவருக்கும் இருக்கை அமைத்துத் தர வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமரலாம்.

அது முதற்படி. அடுத்த படிக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021இல் ஒரு வழி காட்டியது. கிடங்குத் தொழிலாளியிடம் எத்தனை எதிர்பார்க்கிறாய் என்ற எண்ணை அவனிடமே எழுதிக் கொடு. கழிப்பறைக்கும் ஓய்வுக்கும் இடம் தராத எந்த இலக்கும் செல்லாது. 2022 சனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. இங்கேயும் அது வேண்டும். எண்ணப்படுகிறவன் கையில் அந்த எண்ணின் கணக்கு இருக்க வேண்டும். எந்தக் கருவி, எதைப் பதிகிறது, யாரிடம் காட்டுகிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பது சங்கத்துக்குத் தெரிந்த பிறகே அது ஆலைக்குள் நுழைய வேண்டும். ஊதியப் பேச்சுக்கு உட்காரும் தோழர்கள் கோரிக்கைப் பட்டியலின் கடைசியிலாவது இதை எழுதுகிறார்களா? நான் பார்த்த பட்டியல்கள் சிலவற்றில் இல்லை. பஞ்சப்படி இருக்கிறது, போனசு இருக்கிறது, சீருடை இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் நிற்பவனைப் பற்றி ஒரு வரி இல்லை. வாட்டர்டவுன்காரர்கள் அந்த ஒரு வரிக்காகவே வெளியே வந்தார்கள்.

சட்டப் புத்தகத்தில் உள்ள 22-அ கடைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது கடினமான வேலையில்லை. இன்று மாலை துணி எடுக்கப் போகிறவர்கள் மேசைக்குப் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். முக்காலி இருக்கிறதா? இருந்தால் அதன்மேல் ஆள் அமர்ந்திருக்கிறாளா, சேலைக்கட்டு அமர்ந்திருக்கிறதா? கட்டு அமர்ந்திருந்தால் கல்லாவில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கடைப் பெயரையும் தெருப் பெயரையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி உங்கள் வட்டத் தொழிலாளர் துணை ஆய்வாளருக்குப் போடுங்கள்; ஒரு படி நம் தொழிற்சங்க அலுவலகத்துக்கும் வரட்டும்.